கையெழுத்துப் போடாத வாத்தியார்

1935-ஆம் ஆண்டு மே மாதம் போர்ச்சுகலில் ஒரு சட்டம் வந்தது. சட்ட எண் 1901. அரசுச் சம்பளம் வாங்குகிற எவரும், தான் எந்த ரகசியச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லை, இனிமேலும் ஆகப்போவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சாலஸாரின் சர்வாதிகார ஆட்சி அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தாரைக் குறிவைத்துக் கொண்டுவந்த சட்டம் அது. பெரும்பாலானவர்கள் தாளை வாங்கினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்?

அவெய்ரோ என்ற கடலோர ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வயது ஆசிரியர் ஒருவர் மட்டும் போட மறுத்தார். இதில் வேடிக்கை, அவர் ஃப்ரீமேசனே இல்லை. எந்த ரகசியச் சங்கத்திலும் அவருக்குத் தொடர்பு கிடையாது. உண்மையைத்தான் எழுதித் தரச் சொல்கிறார்கள், எழுதித் தந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் எதில் சேர்கிறேன், சேரவில்லை என்று கேட்க இவர்கள் யார் என்பது அவருடைய கட்சி. வேலை போயிற்று. அரசுப் பள்ளிகளின் கதவு மூடிக்கொண்டது.

அந்த ஆசிரியரின் பெயர் அகொஸ்டீனோ த சில்வா. பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் சொல்லிக்கொடுத்தார். போர்ச்சுக்கீசிய மொழியையும் அதன் இலக்கியத்தையும் பண்பாட்டையும் லிஸ்பனில் தனிப்பாடமாக, பிரேசிலின் பல ஊர்களில் பல்கலைக்கழகப் பாடமாக, கடைசியில் தொலைக்காட்சியில். அவர் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு மொழியை அதன் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் அரசிடமிருந்து பிரித்தெடுத்து, பேசுகிறவர்களிடம் ஒப்படைப்பதையே அவர் ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறார். அதை எந்தத் திட்டமும் போட்டுக்கொண்டு செய்ததாகத் தெரியவில்லை. வேலையைப் பிடுங்கினார்கள், நாட்டை விட்டுப் போக வைத்தார்கள், போன இடத்தில் இது நடந்தது.

இதே சட்டத்தோடு ஒட்டிய இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மசோதா வந்தபோது அதை எதிர்த்து 1935 பிப்ரவரி 4-ஆம் தேதி ‘தியாரியு த லிஸ்போவா’ நாளிதழில் ஒருவர் கட்டுரை எழுதினார். வணிக நிறுவனங்களுக்குக் கடிதம் மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் பெரிய புகழ் இல்லாதவர். பெயர் ஃபெர்னாந்து பெசோவா. அந்த ஆண்டு நவம்பரிலேயே இறந்துபோனார். போர்ச்சுக்கீசியக் கவிதையின் இருபதாம் நூற்றாண்டு முகம் அவர்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டது பிறகுதான். அந்தப் பெசோவாவைப் பற்றி 1959-இல் பிரேசிலில் ஒரு புத்தகம் எழுதியவர், அந்தச் சட்டத்தால் வேலை இழந்த நம்ம ஆசிரியர்.

சரி, ஆளைக் கொஞ்சம் பார்ப்போம். 1906 பிப்ரவரி 13, போர்ட்டோ நகரில் பிறப்பு. சிறுவயது கழிந்தது பார்கா தால்வாவில். தோரு ஆறு ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலுக்குள் நுழைகிற மூலையில் இருக்கும் எல்லைக் கிராமம் அது. போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் ரொமான்ஸ் மொழியியலில், அதாவது லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளைப் படிக்கும் துறையில், சேர்ந்தார். அங்கே ஒரு பேராசிரியரோடு ஒத்துப்போகவில்லை. சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் துறையை மாற்றிக்கொண்டு லத்தீன், கிரேக்கம் பக்கம் போனார். 1928-இல் இருபதுக்கு இருபது மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். அடுத்த ஆண்டே, இருபத்து மூன்று வயதில், முனைவர் பட்டம். பிறகு உதவித்தொகையில் பாரிஸ் போய் சொர்போனில் படிப்பு.

இப்படிப்பட்ட ஒருவர் பல்கலைக்கழக நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது ஆண்டு கழித்து மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றிருக்க வேண்டியவர். அவர் படித்த கலைப்புலத்தையே அரசு மூடிவிட்டது. கிடைத்தது அவெய்ரோ பள்ளி வேலை. அதுவும் இரண்டு ஆண்டில் போயிற்று.

வேலை போனதும் ஸ்பெயினுக்குப் போனார். மத்ரீதில் ஓர் ஆய்வு மையத்தில் இடம் கிடைத்தது. 1936-இல் உள்நாட்டுப் போர் வெடிக்கவே திரும்பி வந்தார். லிஸ்பனில் தனியார் பள்ளிகளிலும் வீடுகளிலும் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பு. அப்படி அவரிடம் தனிப்பாடம் படித்த பையன்களில் ஒருவன் மாரியு சுவாரெஸ். சாலஸார் உருவாக்கிய ஆட்சி 1974-இல் கவிழ்ந்த பிறகு நாட்டின் பிரதமராகவும், பத்தாண்டுகள் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர்.

இந்த லிஸ்பன் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. அன்றைய போர்ச்சுகலைக் கண்முன் கொண்டுவாருங்கள். 1930-இல் பாதிக்கும் மேற்பட்ட மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தவர்களுக்கோ தணிக்கை செய்யப்பட்ட செய்தித்தாள். மூன்று நான்கு ஆண்டு ஆரம்பப் பள்ளி போதும், அதற்கு மேல் சாமானியனுக்கு எதற்கு என்று வெளிப்படையாகவே நினைத்த ஆட்சி. இந்தச் சூழலில் அகொஸ்டீனோ சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதித் தள்ளத் தொடங்கினார். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். ‘தொடக்கம்’ என்று பொருள்படும் ஒரு வரிசைப் பெயர், அதன்கீழே பண்பாட்டுத் தகவல் ஏடுகள் என்று ஒரு வரி. ஒரு மாதம் ஓர் ஓவியரின் வாழ்க்கை, அடுத்து ஒரு மதத்தின் வரலாறு, அப்புறம் ஒரு அறிவியல் செய்தி, ஒரு கடற்பயணம், லத்தீன் இலக்கியம். எழுதுவதும் அவர், பதிப்பிப்பதும் அவர். சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் போகும். 1940-இலிருந்து சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகள் வந்தன. சிறுவர்களுக்கென்று இன்னொரு வரிசை தனியாக. பெஸ்தலோட்ஸி, மொந்தேன், பாஸ்டர், லிங்கன் என்று வாழ்க்கை வரலாறுகள் வேறு. மாண்டிசோரி முறை போன்ற புதிய கல்வி முறைகளையும் எழுதினார்.

இவற்றின் மொழிநடையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்த மனிதர், கடைச் சிப்பந்தியும் ரயில்வே தொழிலாளியும் தடையில்லாமல் படிக்கிற போர்ச்சுக்கீசியத்தில் எழுதினார். சுலபமாக எழுதுவதென்றால் சரக்கைக் குறைத்துவிடுவது என்று நம் ஊரிலும் ஒரு நினைப்பு இருக்கிறது. பெரியவர் குனிந்து குழந்தையிடம் பேசுகிற தொனி வந்துவிடும், படிக்கிறவனுக்குக் கூச்சமாக இருக்கும். இவரிடம் அது கிடையாது. எதிரே இருப்பவன் தன்னைப் போன்ற அறிவாளி, இந்த விஷயம் மட்டும் இன்னும் அவன் காதில் விழவில்லை, அவ்வளவுதான் என்கிற மரியாதை எல்லாப் பக்கத்திலும் இருக்கும். 1939-இல் ஒரு கல்வி வட்டத்தையும் தொடங்கினார், கவிஞர் அந்தேரு த கென்தாலின் பெயரில். ஊர் ஊராகப் பேசப் போனார். கேட்க வந்தவர்களில் தொழிலாளர்களும் உண்டு, மாணவர்களும் உண்டு.

இது எத்தனை நாள் நடக்கும்? கிறிஸ்தவத்தைப் பற்றியும் ஓர் ஏடு போட்டார். 1942-இல் அது வந்ததும் கத்தோலிக்கப் பத்திரிகைகள் பாய்ந்தன. திருச்சபையும் ஆட்சியும் கைகோத்திருந்த நாடு. ஏசு சொன்னதையும் சபை செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அடுத்த ஆண்டு அதே தடத்தில் இன்னொரு சிறு நூல் எழுதினார். 1943-இல் அரசியல் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய் அல்ஜூபெ சிறையில் போட்டது.

அந்தச் சிறை லிஸ்பன் பேராலயத்துக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பிதுங்கி வழியும் 28-ஆம் எண் டிராம் அதன் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் மலையேறும். 2015-இலிருந்து அது அருங்காட்சியகம். வேலைநிமித்தம் லிஸ்பனில் இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை உள்ளே போய்ப் பார்த்தேன். மேல்தளத்தில் தனிமைச் சிறைகளை ஒரு வரிசைக்கு மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அகலம் ஒரு மீட்டர் இருக்கும், நீளம் இரண்டு. படுத்தால் கையை விரிக்க முடியாது. மாட்டைச் சண்டைக்கு விடுவதற்கு முன் அடைத்து வைக்கிற கொட்டடிக்கு அவர்கள் மொழியில் என்ன பெயரோ, அதே பெயரைத்தான் கைதிகள் இந்த அறைகளுக்கும் வைத்திருந்தார்கள். வெளியே டிராம் மணி அடிப்பது உள்ளே நன்றாகக் கேட்கிறது.

அகொஸ்டீனோ அங்கே அதிக நாள் இல்லை. ஆனால் வெளியே வந்ததும் இந்த ஊரில் இனி முடியாது என்று புரிந்துவிட்டது. 1944-இல் கப்பல் ஏறினார்.

பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா என்று சுற்றிவிட்டு 1947-இல் பிரேசிலிலேயே தங்கிவிட்டார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை வரிசையாகச் சொன்னால் பயண அட்டவணை போல இருக்கும். ரியோவில் ஓஸ்வால்டோ க்ரூஸ் ஆய்வு நிறுவனத்தில் பூச்சியியல் படித்தார் (ஆமாம், பூச்சிகள்தான்). நிதெரோயில் ஆசிரியர் வேலை. வடகிழக்கே பராயீபாவில் பல்கலைக்கழக வேலை. 1954-இல் சாவோ பாவ்லோவின் நானூறாவது ஆண்டு விழாவுக்கு வரலாற்றுக் கண்காட்சி. அதற்குத் தலைமை தாங்கியவர் ஜெய்மெ கொர்தெசாவோ. அவரும் போர்ச்சுகலிலிருந்து துரத்தப்பட்ட வரலாற்றாசிரியர், இவருக்கு மாமனாரும்கூட. பிறகு தெற்கே சான்டா கத்தரினா, அங்கே கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் உருவானதில் பங்கு. ஓர் இடத்தில் எதையாவது தொடங்குவார், அது காலூன்றி நின்றதும் மூட்டையைக் கட்டுவார்.

சுதந்திரப் பறவை என்று புகழ்கிறவர்கள் எளிதாகக் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது. இரண்டு மனைவியர் வழியாக அவருக்கு எட்டுப் பிள்ளைகள். இரண்டாவது மனைவி ஜூடித் கொர்தெசாவோ பிரேசிலில் சுற்றுச்சூழலுக்காக உழைத்த பெயர்பெற்ற பெண்மணி. ஒரு மனிதர் ஊர் ஊராக நிறுவனங்களை நட்டுக்கொண்டே போகும்போது, பின்னால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாடகை, சமையல் எல்லாவற்றையும் ஒருவர் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அர்ப்பணிப்பு மிக்க ஆசிரியர்களின் வரலாறுகளை வாசிக்கும்போது அவர்கள் வீட்டுக் கணக்கையும் யாராவது எழுதக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

இனி பாயியா. என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அங்கே நடந்ததுதான்.

சல்வதோர் நகரம் பாயியா மாநிலத்தின் தலைநகர். 1763 வரை பிரேசில் முழுவதற்குமே தலைநகர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட லட்சக்கணக்கான மக்கள் கரை இறங்கிய துறைமுகம். பிரேசிலுக்கு மட்டும் மொத்தம் ஏறத்தாழ 48 லட்சம் பேரைக் கொண்டுவந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888-இல்தான். ஆகவே சல்வதோரில் தெருவில் நடப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சாப்பாட்டில் பாமாயில், வெண்டைக்காய். கண்டொம்ப்ளே என்ற வழிபாட்டு மரபில் தெய்வங்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் பாட்டு. ஆனால் 1950-களில் அந்த நகரத்தின் பல்கலைக்கழகத்துக்குள் ஆப்பிரிக்கா என்ற சொல்லுக்கு இடம் இல்லை.

அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தவர் எட்கார் சாந்தோஸ் என்ற மருத்துவர். கொஞ்சம் துணிச்சலான ஆள். ஜெர்மனியிலிருந்து வந்த இசைக் கலைஞர், போலந்திலிருந்து வந்த நடனக் கலைஞர் என்று புதுமைக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்திருந்தார். 1959 ஆகஸ்ட்டில் போர்ச்சுகல்-பிரேசில் ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு சல்வதோரில் கூடியது. அந்தச் சமயத்தில் அகொஸ்டீனோ ஒரு யோசனையோடு அவரை அணுகினார். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆப்பிரிக்க, கிழக்கத்திய ஆய்வு மையம் ஒன்று வேண்டும். சாந்தோஸ் சரி என்றார். மையம் அதே ஆண்டு பிறந்தது. இன்றும் இயங்குகிறது.

முதலில் வைத்த வகுப்புகளில் ஒன்று என்ன தெரியுமா? யொரூபா. எபெனேசர் லசெபிகன் என்ற மொழியறிஞரை நைஜீரியாவிலிருந்து வரவழைத்தார்கள். வகுப்புக்கு மாணவர்கள் மட்டும் வரவில்லை, கண்டொம்ப்ளே கோயில்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாட்டி வழியாக, அம்மா வழியாகக் காதில் வாங்கி, பொருள் பாதி மங்கிப்போன பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். அவர்களுடைய சடங்குகளைப் போலீஸ் தேடிவந்து கலைத்த காலம் அப்போது கிழவர்களின் நினைவில் இன்னும் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் பல்கலைக்கழக நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். கரும்பலகை முன்னால் நிற்கிற ஆப்பிரிக்கர், அவர்கள் பாடும் மொழியை அன்றாடப் பேச்சுமொழியாகக் கொண்டவர். எந்த மொழியைப் பேசாதே என்று அடித்தார்களோ, அந்த மொழிக்குப் பாடவேளை, வருகைப் பதிவேடு எல்லாம் வந்துவிட்டது.

போர்ச்சுக்கீசிய வாத்தியார் யொரூபா வகுப்பை ஏன் நடத்த வேண்டும் என்று கேட்கலாம். இங்கேதான் அவருடைய பிடிப்பு இருக்கிறது. போர்ச்சுக்கீசியப் பெருங்கவி கமோயின்ஷின் காப்பியத்தை அக்கு வேறு ஆணி வேறாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் சல்வதோர் சந்தையில் ஒரு பெண்மணி பேசுகிற போர்ச்சுக்கீசியத்தை, அதில் ஏறியிருக்கிற ராகத்தை, லிஸ்பனை வைத்துக்கொண்டு விளக்க முடியாது. அதற்கு அட்லாண்டிக்கின் எதிர்க்கரை வேண்டும். பிரேசில் பண்பாடு என்று ஒரு பாடம் நடத்துவதானால், அதில் ஆப்பிரிக்காவை அடிக்குறிப்பாகத் தள்ள முடியாது.

அப்புறம் அந்தப் பாலத்தில் எதிர்த்திசையிலும் போக்குவரத்து தொடங்கியது. 1960-இல் நைஜீரியா, செனகல் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றன. மையத்திலிருந்து டக்கார், இஃபே போன்ற இடங்களின் பல்கலைக்கழகங்களுக்குப் போர்ச்சுக்கீசியமும் பிரேசில் பண்பாடும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் போனார்கள். பல்மருத்துவராக இருந்து மானுடவியலுக்கு வந்த விவால்து த கொஸ்தா லீமா நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் போனார். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிரேசிலியர் குடியிருப்பு என்றே ஒரு பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடுதலையாகிப் பாயியாவிலிருந்து திரும்பிப் போன அடிமைகளின் வழிவந்தவர்கள் அங்கே சில்வா, சூசா என்ற பெயர்களோடு இருக்கிறார்கள். பிரேசில் அதிபர் ஜானியு குவாத்ரோஸ் 1961-இல் ஆப்பிரிக்காவோடு உறவை வளர்க்க முனைந்தபோது, இந்தத் துறையில் ஆலோசனை சொல்ல அகொஸ்டீனோ இருந்தார். ஆப்பிரிக்க மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி பிரேசிலுக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் முதலில் சல்வதோரில் இந்த மையத்தில்தான் போர்ச்சுக்கீசியம் கற்றார்கள், பிறகு மருத்துவமோ பொறியியலோ படிக்க வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தார்கள். குவாத்ரோஸ் ஏழே மாதத்தில் பதவியை விட்டு ஓடினார், அது வேறு கதை.

இந்த மையத்திலிருந்து நைஜீரியா போன இளம் ஆய்வாளர்களில் ஒருவர் யேதா பெசோவா த காஸ்த்ரோ. பிற்பாடு, பிரேசில் போர்ச்சுக்கீசியம் ஐரோப்பியப் போர்ச்சுக்கீசியத்திலிருந்து இவ்வளவு விலகி ஒலிப்பதற்கு ஆப்பிரிக்க மொழிகள், அதிலும் அங்கோலா, காங்கோ பக்கத்து பாந்து மொழிகள், எவ்வளவு காரணம் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து எழுதியவர். யொரூபாவில் தொடங்கிய மையத்தின் மாணவி, யொரூபாவைவிட பாந்துவின் தடம்தான் ஆழம் என்று வாதாடுகிறார். தன்னைத் தாண்டிப் பேசும் மாணவர் கிடைப்பது ஒரு வாத்தியாருக்குப் பெரிய கொடுப்பினை.

அதே ஊரில் அப்போது இளைஞராக இருந்த பாடகர் கயேத்தானு வெலோசோ, தங்கள் தலைமுறையின் சிந்தனையில் அகொஸ்டீனோவின் பாதிப்பு உண்டு என்று சொல்லியிருக்கிறார். வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

1962-இல் பிரேசீலியா. வெட்டவெளியில் கட்டிய புதிய தலைநகர், அதில் புத்தம்புதிய பல்கலைக்கழகம். அங்கே போர்ச்சுக்கீசிய ஆய்வுகளுக்கு ஒரு மையம் அமைத்தார். 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, சில நாட்களிலேயே பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் நுழைந்தது. ஒரு சர்வாதிகாரத்திலிருந்து தப்பி வந்தவருக்கு இன்னொன்று. 1968-இல் சாலஸார் நாற்காலியிலிருந்து விழுந்து மூளையில் அடிபட்டுப் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு அகொஸ்டீனோ ஊர் திரும்பினார்.

இவ்வளவு மரியாதையோடு எழுதிக்கொண்டே வந்தாலும் அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

போர்ச்சுகலுக்கு உலகத்தில் ஒரு தனிப் பணி இருக்கிறது என்று அவர் நம்பினார். பதினேழாம் நூற்றாண்டில் அந்தோனியு வியெய்ரா என்ற ஏசுசபைப் பாதிரியார் போர்ச்சுகல் தலைமையில் உலகம் முழுக்க ஒன்றாகும் ஐந்தாம் பேரரசு என்று ஒரு கனவைச் சொன்னார். பெசோவாவும் அதைக் கையில் எடுத்தார். அகொஸ்டீனோ அதைத் தன் வழியில் திருப்பிக்கொண்டார். அவருடைய பேரரசில் படை கிடையாது, அரசன் கிடையாது. பரிசுத்த ஆவி திருவிழா என்று அங்கே ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் இசபெல் அரசி காலத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அசோர்ஸ் தீவுகளிலும் பிரேசிலிலும் இன்னும் நடக்கிறது. அன்றைக்கு ஒரு சிறுவனுக்கு முடிசூட்டுவார்கள். ஊருக்கே இலவசச் சாப்பாடு. கைதியை விடுவிக்கிற வழக்கமும் உண்டு. அகொஸ்டீனோ இதை வெறும் திருவிழாவாகப் பார்க்கவில்லை. குழந்தைமை ஆள வேண்டும், சோற்றுக்குக் காசு கேட்கக் கூடாது, சிறைகள் திறக்க வேண்டும் என்று எதிர்காலத்துக்கான அரசியல் திட்டமாகவே அதை எடுத்துக்கொண்டார்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாண வரலாறு படித்தவர்களுக்குப் போர்ச்சுக்கீசியர் எப்படி வந்தார்கள் என்று தெரியும். 1619-இல் ராஜ்யத்தைப் பிடித்தார்கள், சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள், 1621-இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். பரிசுத்த ஆவியின் விருந்து எங்கள் பந்திக்கு வரவில்லை. அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கட்டாய உழைப்பு இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. போர்ச்சுக்கீசியன் மற்ற வெள்ளையர்களைப் போல இல்லை, கலந்து பழகுகிறவன் என்ற கதையை 1950-களில் சாலஸார் அரசே காலனிகளைக் கைவிடாமலிருக்கச் சாக்காகப் பயன்படுத்தியது. அகொஸ்டீனோவின் கனவு அந்தக் கதையின் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது. அவர் சாலஸாரின் ஆள் இல்லை, அதற்கு அல்ஜூபெ சாட்சி. ஆனாலும் பேரரசு என்ற சொல்லை எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அதன் கீழ் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும். இதை அவருடைய பக்தர்களிடம் சொன்னால் முகம் சுருங்குகிறது.

அவர் எழுதிய தத்துவத்தைவிட அவர் தொடங்கி வைத்த வகுப்புகள்தான் எனக்கு நெருக்கம். கனவில் லிஸ்பன் நடுவில் இருக்கிறது. சல்வதோர் வகுப்பறையில் லிஸ்பன் ஓரமாகக் கூட இல்லை.

திரும்பி வந்த பிறகு, 1974-இல் அந்த ஆட்சியைக் கவிழ்த்த கார்னேஷன் புரட்சிக்கு அப்புறம், லிஸ்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க ஆய்வு மையத்தைக் கவனித்தார். போர்ச்சுக்கீசிய மொழி, பண்பாட்டுக்கான அரசு நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். இன்று உலகெங்கும் ஆசிரியர்களை அனுப்பும் கமோயின்ஷ் நிறுவனத்துக்கு முன்னோடி அது. ஒரு காலத்தில் வேலையைப் பறித்த அரசு எந்திரம், வயதான பிறகு யோசனை கேட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும். பூனைகள் உண்டு. மாணவர்கள் வருவார்கள், நாடோடிகள் வருவார்கள், பேச்சு ஓடும்.

1990-இல் போர்ச்சுகல் அரசுத் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி போட்டது. நாடோடி உரையாடல்கள் என்று பொருள் வரும் தலைப்பு. பதின்மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நபர் வந்து அவரைக் கேள்வி கேட்பார்கள். எண்பத்து நான்கு வயதுக் கிழவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுகிறார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. நாடே உட்கார்ந்து பார்த்தது. நாற்பது ஆண்டு வகுப்பறையில் கிடைக்காத மாணவர் கூட்டம் ஒரே ஆண்டில் கிடைத்தது.

லிஸ்பனில் எனக்குப் போர்ச்சுக்கீசியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைதான் முதலில் இதைப் போட்டுக் காட்டினார். மாலை வகுப்பு. பக்கத்தில் நேபாளி, வங்காளதேசத்துக்காரர், உக்ரைன்காரர்கள். பகல் முழுக்க உணவகத்திலும் கட்டட வேலையிலும் நின்றுவிட்டு வந்த கால்கள். ஆசிரியை இலக்கணத்தை மூடிவைத்துவிட்டு, இவர் பேசுவதைக் கேளுங்கள், புரியாவிட்டால் பரவாயில்லை என்றார். ஐரோப்பியப் போர்ச்சுக்கீசியத்தில் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள், புதிதாகக் கற்பவனுக்கு அது பெரிய தலைவலி. கிழவரோ பிரேசிலில் கால் நூற்றாண்டு இருந்தவர். எழுத்தை விழுங்காமல், நிதானமாகப் பேசினார். மனிதன் வேலை செய்வதற்காகப் பிறக்கவில்லை, எதையாவது படைப்பதற்காகத்தான் பிறந்திருக்கிறான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்திலிருந்த வங்காளதேசத்து அண்ணன் மெல்லச் சிரித்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவருக்குச் சிரிப்பு வராதா? ஆனால் வகுப்பு முடிந்ததும் அந்த நிகழ்ச்சியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனதும் அவர்தான்.

1994 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு அன்று லிஸ்பனில் அகொஸ்டீனோ இறந்தார். போர்ச்சுக்கீசியம் பேசும் நாடுகள் சமமாக உட்கார்ந்து பேசும் ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். 1996 ஜூலையில் அது அமைந்தது. அங்கோலா, பிரேசில், கேப் வெர்டி, கினி-பிசாவ், மொசாம்பிக், போர்ச்சுகல், சாவோ தொமே என்று ஏழு நாடுகள். விடுதலை பெற்றதும் கிழக்குத் திமோர் சேர்ந்தது. 2014-இல் எக்வடோரியல் கினியையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே போர்ச்சுக்கீசியம் பேசுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், எண்ணெய் மட்டும் ஏராளம். பல பத்தாண்டுகளாக ஒரே அதிபர். சிறைகளைத் திறக்கச் சொன்ன மனிதரின் கனவில் போய் முடிந்திருக்கும் இடம் இது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பதின்மூன்று பகுதிகளும் போர்ச்சுகல் தொலைக்காட்சியின் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழி தெரியாதவர்களும் நகைச்சுவைக் கலைஞர் ஹெர்மன் ஜூசே கேள்வி கேட்க வந்த பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம்.